ஜாதக நோட்டு

எங்கள் வார்டில் ஒரு நோட்டு இருந்தது. எல்லோரும் அதை ஜாதக நோட்டு என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது யாரென்று நினைவில்லை. நோட்டைத் தொடங்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கனகாவைக் குறை சொல்லக் கூடாது.

நான் ஆன்மேரி. திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டி இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்றாம் வார்டு இன்சார்ஜ். நர்ஸ் வேலைக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது, பொறுமையும் பாதி தேய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் ஆரோக்கியம் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். நான் வீட்டுக்குள் நுழைகிற நேரம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் உட்காரும்போதுதான் முகத்தைப் பார்த்து, "என்ன, இப்படி எளைச்சுப் போன?" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் வேறொரு மாடியில் ஒருத்தருடைய மாத்திரையை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் இரண்டு நாள் ஐசியூவில் கிடந்து எழுந்து போனார். அதற்குப் பிறகு நிர்வாகம் மெஷின் வாங்கியது. அட்மிஷன் போடும்போதே நோயாளியின் மணிக்கட்டில் பார்கோடு அச்சடித்த பட்டை ஒன்றை மாட்டிவிடுவார்கள். மருந்து கொடுக்கப் போகிற நர்ஸ் முதலில் பட்டையின் மேல் மெஷினைக் காட்ட வேண்டும், அடுத்து மருந்தின் மேல் காட்ட வேண்டும். இந்த ஆளுக்கு இந்த மருந்துதான் என்றால் பச்சை எரியும். ஆள் மாறினாலோ மருந்து மாறினாலோ சிவப்பு எரிந்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும்.

நல்ல ஏற்பாடு. கிண்டலுக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கண்ணுக்கு எல்லாப் போர்வையும் ஒரே போர்வையாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் தூங்காத ஒரு கண் பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே.

ஆனால் மெஷின் செய்தவர்கள் எங்கள் வார்டைப் பார்க்காமல் செய்துவிட்டார்கள். இருபத்தெட்டுக் கட்டில், மூன்று நர்ஸ், இரண்டு மெஷின். அதில் ஒன்றுக்குப் பத்து மணிக்கெல்லாம் சார்ஜ் இறங்கிவிடும். லிப்ட் பக்கத்துக் கடைசி ஆறு கட்டிலுக்கு நெட் எட்டாது. நடுக் கூடத்துக்கு வந்து மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். போதாக்குறைக்கு மதுரைக்காரர்களின் மணிக்கட்டில் பட்டைக்கு ஏது இடம்? கோயில் கயிறு ஒன்று, மந்திரித்த கயிறு இரண்டு, எங்கள் ஆட்களாக இருந்தால் செபமாலை. அதற்கு நடுவில் பட்டை நனைந்து சுருண்டு கிடக்கும். மெஷினை எத்தனை தடவை காட்டினாலும் ஊமையாகவே இருக்கும். போர்வைக்குள் கையைத் தேடினால், "இப்பத்தானம்மா கண்ணசந்தேன்" என்று திட்டு விழும்.

மாதக் கடைசியில் எந்த வார்டு எத்தனை சதவீத மருந்தை ஸ்கேன் செய்தது என்று போர்டில் எழுதுவார்கள். முதல் மாதம் எங்களுக்கு எழுபத்திரண்டு. தரக் கண்காணிப்பு அதிகாரி பீமாராவ் மீட்டிங்கில் என்னை எழுப்பி நிற்க வைத்து ஏன் என்று கேட்டார். நெட், சார்ஜ், கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். "காரணம் சொல்ல வேண்டாம் சிஸ்டர், நம்பர் சொல்லுங்க" என்றார்.

நம்பர்தானே வேண்டும்? அடுத்த வாரமே அட்மிஷன் கவுன்டரில் சொல்லி, ஒவ்வொருவருக்கும் இரண்டு பட்டை அச்சடிக்க வைத்தேன். ஒன்று கைக்கு. இன்னொன்று நீள நோட்டுக்கு. ஜாதகம் எழுதுகிற மாதிரி கட்டிலுக்கு ஒரு பக்கம். மேலே கட்டில் நம்பர், கீழே பெயர், அதற்குக் கீழே பட்டை. நர்ஸ் மேஜையில் உட்கார்ந்தபடியே நோட்டுப் பட்டையையும் மருந்தையும் காட்டினால் பச்சை, பச்சை, பச்சை. பிறகு மருந்தைக் கட்டில் நம்பர் எழுதிய சின்னக் கப்புகளில் போட்டு, தட்டில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அடுத்த மாதம் தொண்ணூற்றொன்பது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

அந்த நோட்டு ஆளைச் சரிபார்க்காது, கட்டில் நம்பரைத்தான் சரிபார்க்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசையில் தலைமாடு வடக்குச் சுவரை ஒட்டி இருக்கும், எதிர் வரிசையில் தெற்குச் சுவரை ஒட்டி. ஒன்பதாம் கட்டில் வடக்கு வரிசை. அதில் விஸ்வேஸ்வரன் இருந்தார், இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்க மாட்டேனென்று அடம்பிடித்ததால் காலையும் மாலையும் இன்சுலின். கூட அவர் மனைவி விஜயம். நேர் எதிரே தெற்கு வரிசையில் இருபதாம் கட்டில். அதில் பசுமலையில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆன தனிஸ்லாஸ். காலில் சீழ் பிடித்து வந்தவர். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

விஸ்வேஸ்வரனுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. விஜயம் அம்மாளுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. "வடக்க தல வச்சுப் படுத்தா எப்படி சிஸ்டர் தூக்கம் வரும்? ஆகவே ஆகாது. எதிர் வரிசைல ஒரு கட்டில் குடுங்க" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். காலியில்லை என்று நானும் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். கால்மாட்டில் தலையை வைத்துப் படுக்கலாமென்றால் டிரிப் ஸ்டாண்டும் ஆக்சிஜனும் தலைமாட்டில்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு இருளாயி விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வார்டு ஆயா. விஜயம் அம்மாள் அவளிடமும் வடக்கைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். எதிர்க் கட்டிலிலிருந்து தனிஸ்லாஸ் சார், "எனக்கு வடக்கு தெக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கர்த்தர் எல்லாப் பக்கமும்தான் இருக்காரு. அவரு இங்க வரட்டும், நான் அங்க போறேன்" என்று எழுந்துவிட்டார். இருளாயி தலையணை, பிளாஸ்க், செருப்பு எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். விஸ்வேஸ்வரன் தெற்கே தலை வைத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டாராம்.

அந்த நேரத்தில் வார்டில் இருந்த நர்ஸ்களில் கனகாவும் ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு முந்தின ராத்திரிதான் டியூட்டிக்குத் திரும்பியிருந்தாள். ஒன்பதும் இருபதும் அவளுக்கு நம்பர்தான், முகம் பழகவில்லை. கட்டில் மாறியபோது அவள் கடைசிக் கட்டிலில் ஒருவருடைய வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஒன்பதாம் கட்டிலில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மூன்று நாளாக முந்நூறில் நின்றது இறங்கிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட. நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டு வைத்திருந்தாள்.

இதைத் தடுக்க எனக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆறு ஐம்பதுக்கு நான் லிப்டை விட்டு வெளியே வந்தபோது இருளாயி எதிரே வந்தாள். "அக்கா, ஒம்பதும் இருபதும் கட்டில் மாறிப் படுத்துருக்காக. அந்தம்மா ஒத்தக் கால்ல நின்டுருச்சு" என்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் வலி. "சரி சரி" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மண்டையில் ஏறியிருந்தால் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் நான் டீ குடித்தேன்.

ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்குக் கனகா மேஜையில் உட்கார்ந்து நோட்டில் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினாள், இன்சுலினைக் காட்டினாள். பச்சை. எழுந்து போய் ஒன்பதாம் கட்டிலில் போர்வைக்கு வெளியே இருந்த கையில் இருபது யூனிட் போட்டாள். ஏழரைக்கு எங்களிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு, பின்னால் இருக்கிற ஹாஸ்டலுக்குத் தூங்கப் போனாள்.

எட்டேகால் இருக்கும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் கட்டிலில் தனிஸ்லாஸ் சார் தொப்பலாக நனைந்து கிடந்தார். கண் எங்கேயோ அலைந்தது. என்னைப் பார்த்து, "கரும்பலகையத் தொடச்சிட்டியா? மணி அடிச்சிருச்சு" என்றார். குத்திப் பார்த்தேன். எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை. முப்பத்துநாலு. கத்தினேன். டியூட்டி டாக்டர் ஓடி வந்து ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றினார். பத்து நிமிஷம் கழித்துச் சார் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "என்ன சிஸ்டர், மழையா பேஞ்சுச்சு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதற்குள் இருளாயி சொன்னது முழுசாகக் கேட்டுவிட்டது.

மேஜைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். விஸ்வேஸ்வரன், இன்சுலின், இருபது யூனிட், 7.02. பக்கத்தில் பச்சைப் புள்ளி. தனிஸ்லாஸ் பெயரில் ஒரு ஊசியும் இல்லை. கம்ப்யூட்டர் கணக்குப்படி ஒரு தப்பும் நடக்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. தனிஸ்லாஸ் சாருக்கு டிரிப்பை நிறுத்தாமல் அரை மணிக்கு ஒரு தரம் குத்திப் பார்த்துக்கொண்டேன். அதைச் செய்தால் போதுமென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணி நேரம் அப்படியே இருந்தேன். பயம்தான், வேறு எந்தக் காரணமும் இல்லை.

ஒன்பது மணிக்கு அவர் மகன் ஜூடு இட்லி வாங்கிக்கொண்டு வந்தான். நடந்ததைக் கேட்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க மட்டும் பாக்கலேன்னா எங்கப்பா இல்ல சிஸ்டர்" என்றான். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் பிருந்தா ரவுண்ட்ஸ் வந்தார். தனிஸ்லாஸ் சாரின் சீட்டை இரண்டு தடவை புரட்டினார். "சுகரே இல்லாத ஆளுக்கு முப்பத்துநாலு எப்படி வரும்? கணையத்துல கட்டி எதுவும் இருக்கான்னு பாத்துருவோம். மத்தியானம் ஸ்கேன் எடுங்க" என்றார். ஜூடுவுக்கு அதில் கட்டி என்ற சொல் மட்டும்தான் கேட்டது.

பிறகு இருபதாம் கட்டிலுக்குப் போனார். "என்ன சார், இங்க வந்துட்டீங்க?" விஜயம் அம்மாள் வடக்கின் கெடுதலை டாக்டருக்கும் விளக்கினார். டாக்டர் சிரித்தார். "எங்க வேணா படுங்க. பட்டையப் பாத்துத்தான மருந்து குடுக்குறாங்க" என்றார். நான் சீட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

விஸ்வேஸ்வரனுக்குச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தார். "காலைல இருபது போட்டிருக்கு. போட்டும் நானூறா? இது பத்தாது. சாயங்காலத்துல இருந்து முப்பத்தாறு போடுங்க" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

முப்பத்தாறு. போடாத ஊசியை நம்பி எழுதிய அளவு. சாயங்காலம் ஆறரைக்கு யாரோ ஒரு நர்ஸ் அதைப் போடுவாள், அதற்கும் பச்சை எரியும். காலையில் ஒருவர் முப்பத்துநாலுக்குப் போய்த் திரும்பி வந்தார். சாயங்காலம் போகிறவர் திரும்பி வருவாரென்று என்ன நிச்சயம்?

பதினோரு மணிக்குக் கனகாவைப் போனில் எழுப்பி வரச் சொன்னேன். விரிப்பு வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒம்பதுன்னுதானக்கா போட்டேன்" என்றாள். "ஒம்பதுதான, ஒம்பதுக்குத்தான போட்டேன்."

"ஆமாடி. ஒம்பதுக்குத்தான் போட்ட."

"அவருக்கு ஒண்ணும் ஆகலேல்ல?"

"இப்பத்திக்கு இல்ல."

கொஞ்ச நேரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மெதுவாக, "கம்ப்யூட்டர்ல பச்சைதானக்கா இருக்கு? நாம சொன்னாத்தான தெரியும்?" என்றாள்.

எட்டேகாலிலிருந்து நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்ததால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒன்றும் யோசித்து வைத்திருந்தேன். சாயங்காலம் வரை நானே இருந்து, முப்பத்தாறு என்று பதிந்துவிட்டு இருபது மட்டும் போடுவது. மெஷினை ஏமாற்றுவது எனக்குக் கை வந்த வேலைதான். ஆனால் நாளைக் காலை? நாளை மறுநாள்? நான் வீட்டுக்குப் போகிற நேரத்தில்?

அறையை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டுப் பக்கம் ஜூடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, அப்பாவுக்குக் கட்டியாம். நீ உடனே கெளம்பி வா" என்று சொல்லிவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். முப்பது வயது ஆண்பிள்ளை. இல்லாத கட்டிக்கு அழுகிறான், அழ வைத்தது நான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

டாக்டர் பிருந்தா அவர் அறையில் தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் மாறியது, நோட்டு, லிப்ட் வாசலில் நான் "சரி சரி" என்றது. டாக்டர் டிபன் பாக்ஸை மூடினார். முதலில் வார்டுக்குப் போன் போட்டு முப்பத்தாறை நிறுத்தினார், விஸ்வேஸ்வரனுக்கு இப்போது என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அடுத்த போனில் ஸ்கேனை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?"

"எட்டேகாலுக்கு டாக்டர்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. "அந்தப் பச்சைய நம்பித்தான சிஸ்டர் முப்பத்தாறு எழுதினேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "இதுவரைக்கும் நான் நம்புன பச்சைல எத்தனை இப்படி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

பீமாராவிடம் போய்ச் சொல்லச் சொன்னார். போனேன். பீமாராவ் கெட்ட மனிதர் இல்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. டாக்டர் மருந்தைத் திருத்திட்டாங்க. அம்புட்டுத்தான் சிஸ்டர், முடிஞ்சுபோச்சு" என்றார். "அடுத்த வாரம் தரச் சான்று குடுக்குறவங்க ஆய்வுக்கு வாராங்க. இந்த நேரத்துல நோட்டு கீட்டுன்னு வெளிய வந்தா ஒன்றரை வருசப் பதிவும் பொய்யின்னு ஆயிரும். நோட்டைக் கிழிச்சுப் போட்ருங்க."

"பதிவு பொய்தான சார்?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல பிழை அறிக்கைன்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல எதுவும் எழுதிறாதீங்க. எழுதிட்டா என்னாலயும் அழிக்க முடியாது, வாரவங்க கண்ணுல நேராப் படும்" என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்தப் புள்ள கனகாவ மட்டும் நாளைக்கே அனுப்பிர்றேன். கவனக்குறைவுன்னு போட்டு, சத்தமில்லாம. உங்களுக்கு ஒண்ணும் வராது. இத்தனை வருச சர்வீஸ், நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எல்லாவற்றையும் இம்புட்டு அன்பாகச் சொன்னார். நானும், "வாரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். படி இறங்கும்போது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் குத்தியது. எழுதாமல் விட்டால் என் இருபத்தேழு வருஷம் பத்திரம். எட்டு மாதப் பெண்ணொருத்தி, நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்ததற்காகக் கவனமில்லாதவள் என்ற பெயரோடு உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறுவாள். எழுதினால் அவள் பிழைக்கலாம். நான் போக வேண்டியிருக்கலாம்.

வார்டுக்கு வந்து நேராகத் தனிஸ்லாஸ் சார் கட்டிலுக்குப் போனேன். ஜூடு எழுந்து எனக்கு ஸ்டூலைப் போட்டான். உட்காரவில்லை. கட்டி எதுவும் இல்லை, இன்னொருவருடைய இன்சுலினை உங்களுக்குப் போட்டுவிட்டோம், எனக்குக் காலையிலேயே தெரியும் என்று சொன்னேன்.

ஜூடுவின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு கறுத்தது. "காலைல ஒங்க கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்துனேனே. அப்பவுமா தெரியும்?"

"அப்பவும் தெரியும் தம்பி."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். புகார் எழுதுங்கள், யாரிடம் கொடுக்க வேண்டுமென்று நானே சொல்கிறேன் என்றேன். திரும்பவே இல்லை. அவன் கத்தியிருக்கலாம்.

தனிஸ்லாஸ் சார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு, செபமாலை ஒன்றுமில்லாத வெறும் மணிக்கட்டு. பட்டை புதுசு மாதிரி, ஓர் எழுத்துக்கூட அழியாமல் இருந்தது.

"ஊசி போடும்போது நான் முழிச்சுத்தாம்மா இருந்தேன்" என்றார். "எனக்கு ஏது ஊசின்னு கேக்க வாயெடுத்தேன். அந்தப் புள்ள முகத்தப் பாத்தேன். நின்னுக்கிட்டே தூங்குச்சு. ராத்திரி பூரா ஓடிக்கிட்டே கெடந்துச்சே, நாம வேற ஏன் தொந்தரவு பண்ணிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

எங்கள் களைப்பைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு மனிதர் சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்திருக்கிறார்.

"முப்பத்தாறு வருசம் கிளாஸ்ல கேள்வி கேளுங்கடா, கேள்வி கேளுங்கடான்னு கத்துனவன் நான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடியபடியே, "அந்தப் புள்ளய வேலைய விட்டுத் தூக்கிறாதீங்க" என்றார்.

மணி மூன்றரை. மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். கனகா ஹாஸ்டலுக்குப் போகவில்லை. விரிப்பு அறையில் மூட்டை மேலேயே சுருண்டு தூங்கியிருக்கிறாள். எழுந்து, தலை கலைந்தபடி என் பின்னால் வந்து நின்றாள். "என்னக்கா பண்றீங்க?" என்றாள். பிழை அறிக்கைப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

நோயாளி பெயர் கேட்டது, எழுதினேன். என்ன நடந்தது என்று கேட்டது. ஊசி மாறியதை எழுதினேன், அதை நம்பி முப்பத்தாறு எழுதப்பட்டதை எழுதினேன், நான் நாலு மணி நேரம் மறைத்ததையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. ஊழியர் கவனக்குறைவு என்பது முதலில் இருந்தது. பிற என்பது கடைசியில். கடைசியைத் தொட்டேன். நெட் எட்டாத ஆறு கட்டில், இரண்டு மெஷின், மூன்று நர்ஸ், நம்பர் கேட்ட மீட்டிங், நோட்டு. ஒரே விரலால் அடித்ததால் வெகு நேரம் ஆனது. பொறுப்பு யார் என்ற இடத்தில், ஆன்மேரி, வார்டு இன்சார்ஜ் என்று அடித்தேன்.

பின்னாலிருந்து கனகா என் தோளைப் பிடித்தாள். "வேணாங்கா" என்றாள். பட்டனை அழுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு, தங்கள் அறிக்கை பதிவாகிவிட்டது, நன்றி என்று வந்தது. கீழே, இந்த மருத்துவமனையின் அறிக்கை எண் 1 என்று இருந்தது.

கனகா குனிந்து திரையைப் பார்த்தாள். ஏழு மாடி, நானூறு கட்டில், இரண்டு வருஷம்.

"ஒண்ணா?" என்றாள். "அப்ப இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரில நாம மட்டுந்தான் தப்புப் பண்ணிருக்கமாக்கா?"

சிரிக்கலாமென்றுதான் திரும்பினேன். அழுகை வந்துவிட்டது.